மழைக்காலமும் மூட்டு வலியும்

(கான்சாபுரம் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



ஐப்பசி மாதத்தில் வானம் கறுப்பதற்கு முன்பே, "நாளைக்கு மழை உண்டு" என்று சொல்லும் பெரியவர் ஒருவராவது ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டிச் சொல்வதில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டே சொல்லுகிறார். படித்த பிள்ளைகள் சிலர் இதைக் கேட்டு நகைப்பதும் உண்டு. இது நகைக்கத்தக்க விஷயமன்று. அப்படியே முழுதும் நம்பிவிடத்தக்க விஷயமும் அன்று. இதில் மெய் எவ்வளவு, பழக்கத்தால் வந்த எண்ணம் எவ்வளவு என்று பிரித்து அறிவதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

பயிர்க்கடன், உரம், தவணை இவற்றைப் பேசவேண்டிய சங்கத்தில் முழங்காலைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்த இப்பக்கத்து நெல் வயல்களில் நடவும் களையெடுப்பும் எந்த மாதங்களில் நெருங்குகின்றனவோ, அதே மாதங்களில்தான் வலியும் நெருங்குகிறது. நடவுக் காலத்தில் பத்து நாள் படுத்தவர் பத்து நாள் கூலியை இழக்கிறார். சொந்த நிலம் உள்ளவரானால் அந்தக் கூலியை வேறொருவருக்குக் கொடுக்கிறார். அதன் மேல், சந்தையில் தைலம் விற்பவனுக்கும், ஊர் ஊராய்ப் பொடி கொண்டு வருபவனுக்கும் பணம் போகிறது. தைமாதத்து அறுவடையில் தவணை கட்ட இயலாமற் போவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் பூச்சியும் வறட்சியும் பேரேட்டில் ஏறுகின்றன, முழங்கால் ஏறுவதில்லை.

முதலில் நம் முன்னோர் சொன்னதைப் பார்ப்போம். சித்த வைத்திய நூல்கள் ஆண்டை ஆறு பெரும்பொழுதாக வகுத்து, ஒவ்வொன்றிலும் வாத பித்த ஐயங்கள் ஏறி இறங்குவதைக் கூறுகின்றன. வாதமானது முதுவேனிலில் தன்னிலையில் வளர்ந்து, கார்காலத்தில் மிகுந்து, கூதிர்காலத்தில் தணியும் என்பது அவற்றின் கொள்கை. யூகி முனிவர் பெயரால் வழங்கும் வைத்திய சிந்தாமணி வாத நோயை 80 வகையாகப் பிரிக்கிறது. கிரேக்க தேசத்தில் ஹிப்பாக்ரடீஸ் பெயரால் வழங்கும் நூல்களில் ஒன்று, காற்று, நீர், இடம் ஆகிய மூன்றையும் கவனிக்காத வைத்தியன் நோயை அறியமாட்டான் என்ற கருத்தில் எழுதப்பட்டது. இரு வேறு தேசங்களில் ஒரே எண்ணம் காணப்படுவது கவனிக்கத்தக்கது.

ஆயினும் இங்கே ஒரு சிக்கல் உண்டு. கார்காலம் என்பது ஆவணியும் புரட்டாசியும். கூதிர்காலம் என்பது ஐப்பசியும் கார்த்திகையும். நம் பக்கத்திலோ பெருமழை பெய்வது வடகிழக்குப் பருவக் காற்று வீசும் ஐப்பசி கார்த்திகையில்தான். நூலின்படி வாதம் தணியவேண்டிய மாதங்களில் கான்சாபுரத்துக் குடியானவர் "இப்பொழுதுதான் அதிகம்" என்கிறார். நூல் பொய் என்று கொள்ளவேண்டுவதில்லை. நூலில் உள்ள மாதத்தை விட்டு, தலைக்கு மேல் உள்ள வானத்தைப் பார்த்து அதைப் படிக்கவேண்டும்.

இனி இக்காலத்து ஆராய்ச்சிக்கு வருவோம். நம்மைச் சூழ்ந்துள்ள காற்றுக்கு எடை உண்டு. அது நம் உடலை எப்பக்கமும் அழுத்திக்கொண்டே இருக்கிறது. 1643-இல் இத்தாலி தேசத்து டாரிசெல்லி என்பவர் கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிறுத்தி இந்த அழுத்தத்தை அளக்க வழி கண்டார். கடல் மட்டத்தில் பாதரசம் சுமார் 760 மில்லிமீட்டர் உயரம் நிற்கும். புயலோ மழையோ நெருங்கும்பொழுது சிறிது இறங்கும். வெளியழுத்தம் குறைந்தால் மூட்டைச் சுற்றியுள்ள சதையும் சவ்வும் சற்றே விரிந்து, ஏற்கெனவே தேய்ந்தும் வீங்கியும் உள்ள மூட்டில் நரம்பை நெருக்கும். ஆகையால்தான் மழைக்கு முன் வலிக்கிறது என்று பலர் விளக்கம் கூறுவர்.

கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கிறது. ஆனால் கணக்குப் பார்த்தால் சிறிது இடிக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் 11 நிலை உடையது. உயரம் சுமார் 190 அடி. அதன் அடியில் பாதரசம் நிற்கும் அளவுக்கும் உச்சியில் நிற்கும் அளவுக்கும் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கும். வங்காள விரிகுடாவில் தாழ்வு நிலை உண்டாகி நமக்கு மழை கிடைக்கும் சாதாரண நாட்களில், இவ்வூரில் இறங்கும் அழுத்தமும் சில மில்லிமீட்டர்தான். அன்றியும், நம்மைப் போன்ற உஷ்ண தேசங்களில் காற்றழுத்தம் கடிகாரம் போல நாள்தோறும் காலை 10 மணி அளவில் உயர்ந்து, மாலை 4 மணி அளவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தாழ்கிறது. அழுத்தம் ஒன்றே காரணமானால், வருஷம் முழுதும் மாலை 4 மணிக்கு ஊரார் அனைவரும் முழங்காலைப் பிடித்துக்கொள்ள வேண்டுமல்லவா? ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறை வழியே சதுரகிரி ஏறுகிறவர்களுக்கு ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 8 அல்லது 9 மில்லிமீட்டர் இறங்குகிறது. அவர்களுக்கும் முழங்கால் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அது பாறைப் படியால் வந்த வலி. ஏற்றத்தில் வரும் மாறுதல் சில மணி நேரத்தது, மழைக் காலத்து மாறுதல் பல நாள் நிற்பது, ஆகையால் இரண்டும் ஒன்றாகா என்று எதிர்வாதம் செய்வாரும் உண்டு. அதையும் ஒதுக்கிவிடுவதற்கில்லை.

1960-களில் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் ஹாலண்டர் என்னும் வைத்தியர் இதைச் சோதிக்கவென்றே ஓர் அறையை அமைத்தார். வெப்பம், ஈரம், அழுத்தம், காற்றோட்டம் ஆகியவற்றை உள்ளிருப்பவர் அறியாமலே வெளியிலிருந்து மாற்றக்கூடிய அறை அது. மூட்டு வாதக்காரர்களை அதில் தங்கவைத்துப் பார்த்ததில், ஈரத்தை மட்டுமோ அழுத்தத்தை மட்டுமோ மாற்றியபோது பெரிதாக ஒன்றும் நேரவில்லை. ஈரம் ஏறிக்கொண்டே அழுத்தம் இறங்கியபோதுதான் பலருக்கு வலி கூடிற்று. மழை வருமுன் வானம் செய்வதும் அதுவேயாகும்.

இதற்கு மாறான முடிவு 1996-இல் வெளிவந்தது. ரெடல்மையர், ட்வெர்ஸ்கி என்னும் இருவர் 18 வாத நோயாளரை 15 மாதம் தொடர்ந்து கவனித்தனர். வானிலையால் தங்கள் வலி மாறுகிறதென்று உறுதியாகச் சொன்னவர்களுடைய வலிக் கணக்கும், வானிலைக் கணக்கும் ஒத்துப்போகவில்லை. அப்படியானால் அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? முழங்கால் வலித்து மறுநாள் மழை பெய்தால் அது மனத்தில் நிற்கிறது. வலித்தும் மழை பெய்யாத நாளும், வலியாமலே மழை கொட்டிய நாளும் மறந்துபோகின்றன. வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத பேரேட்டைச் சங்கத்தில் எவரும் ஒப்புக்கொள்ளமாட்டோம். நம் ஞாபகம் பல சமயம் அத்தகைய பேரேடாகவே இருக்கிறது.

2017-இல் அமெரிக்காவில் முதியோர் வைத்தியரிடம் சென்ற 1 கோடியே 16 லட்சத்துக்கு மேற்பட்ட வருகைகளை எடுத்துப் பார்த்தபோது, மழை நாளில் மூட்டு வலி, முதுகு வலி என்று வந்தவர்களின் விகிதம் மற்ற நாளைவிட மிகவில்லை என்று கண்டனர். இதை அப்படியே ஏற்பதற்கு நம் குடியானவர் தயங்குவார். கொட்டும் மழையில் முழங்கால் வலிக்கென்று வண்டி கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் யார்? வலி இருந்த இடம் வீடு. எண்ணிய இடம் ஆஸ்பத்திரி.

இந்தக் குறையை நீக்கிச் செய்யப்பட்ட ஆராய்ச்சி பிரிட்டனில் மாஞ்செஸ்டர் சர்வகலாசாலையார் நடத்தி 2019-இல் வெளியிட்டதாகும். நாள்பட்ட வலியுடைய 2,658 பேர் தத்தம் வீட்டிலிருந்தபடியே கைத்தொலைபேசியில் அன்றன்று வலியைப் பதிந்தனர். அவரவர் இருந்த இடத்து வானிலை அதனோடு சேர்த்துப் பார்க்கப்பட்டது. ஈரம் மிகுந்து, அழுத்தம் குறைந்து, காற்றும் பலமாயிருந்த நாட்களில் வலி மிகுந்தது. அவற்றுள்ளும் ஈரமே முதன்மையானது. ஆகவே பெரியவரின் முழங்கால் பொய் சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு மிகுந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். சாதாரண நாளில் 100-க்கு 5 பேருக்கு வலி மிகுமானால், ஈரமும் காற்றும் சேர்ந்த மோசமான நாளில் 6 பேருக்கு மிகும். அவ்வளவே. மழைக்காலத்தில் நம் ஊரில் ஒரு வீட்டுக்கு ஒருவர் படுப்பதற்கு இந்த ஒருவர் அதிகம் காரணமாக முடியாது.

வெப்பமான ஊருக்குக் குடிபோனால் தீரும் என்பாரும் உண்டு. 1995-இல் அமெரிக்காவில் நான்கு நகரங்களின் நோயாளரை விசாரித்ததில், ஆண்டு முழுதும் இதமான வெயில் அடிக்கும் சான் டியேகோ நகரத்தாரும் பனி கொட்டும் பாஸ்டன் நகரத்தாரைப் போலவே வானிலையைக் குறை கூறினர். உடல் தான் வாழும் இடத்துக்குப் பழகி, அங்குள்ள சிறு மாறுதலையே பெரிதாக உணர்கிறது. வைகாசி வெயிலுக்குப் பழகிய நம்மவருக்குக் கார்த்திகை இரவின் குளிர், ஐரோப்பியருக்குக் குளிராகவே தோன்றாது. நமக்கோ விரல் மடங்காது.

அப்படியானால் மிகுதி வலி எங்கிருந்து வருகிறது? வானம் நேரே மூட்டுக்குச் செய்வதைவிட, நம் நாளுக்குச் செய்வது பெரிது. அடைமழை பிடித்த ஐந்து நாளை நினைத்துப் பாருங்கள். வயலில் வேலையில்லை. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்தால், திண்ணையில் கால்களை மடக்கிக் குந்தியிருப்பதே வேலை. தரை சில்லென்றிருக்கிறது. மண் சுவர் ஈரம் கசிகிறது. ஒழுகும் இடத்தில் சட்டியை வைத்துவிட்டு மிச்சமிருக்கும் மூலையில் எல்லோரும் நெருங்கிப் படுக்கிறார்கள். உறக்கம் இல்லை. கையில் காசும் இல்லை. அசையாதிருந்த மூட்டு விறைக்கும். குளிரில் சதை இறுகும். உறங்காதவனுக்குச் சிறு வலியும் பெரு வலியாகும். கவலையுள்ளவனுக்கு இன்னும் அதிகமாகும். இவையெல்லாம் வைத்தியர்கள் ஒப்புக்கொண்ட உண்மைகள்.

ஆறாம் நாள் வானம் வெளுக்கிறது. எல்லார் நாற்றும் ஒரே நாளில் நடவுக்கு வந்துவிடுகிறது. ஐந்து நாள் மடங்கிக் கிடந்த உடல், விடியற்காலையில் முழங்காலளவு சேற்றில் இறங்கி, பொழுது சாயும் வரை குனிந்தது குனிந்தபடி நிற்கிறது. அன்றிரவு வலி வந்தால், "மழையினால் வந்தது" என்கிறோம். மழையினால் வந்ததுதான், ஆனால் மேகத்திலிருந்து இறங்கி முழங்காலுக்குள் புகுந்ததன்று.

இதில் ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. நாற்றுப் பறிப்பதும் நடுவதும் களையெடுப்பதும் பெரும்பாலும் பெண்மக்களே. சங்கத்தின் பதிவில் கடன் வாங்கியவர் பெயர் ஆணின் பெயராயிருக்கலாம்; அந்தக் கடன் அடைவது பல வீடுகளில் ஒரு பெண்ணின் இடுப்பினால். ஆண்பிள்ளை முழங்கால் வலி என்று திண்ணையில் படுத்தால் வீடு முழுதும் அறியும். அவள் இடுப்பு வலியோடு எழுந்து ஈர விறகை ஊதிக்கொண்டிருப்பதை ஒருவரும் வியாதியாகக் கணக்கிடுவதில்லை.

மழை வலியைத் தரும் வேறொரு வழியும் உண்டு. 2006-இல் சிக்குன்குனியா என்னும் சுரம் தமிழ்நாடு உட்படப் பல மாகாணங்களில் பரவிற்று. அவ்வாண்டு இந்தியா முழுதும் 13 லட்சத்துக்கு மேற்பட்டவர் அதற்கு ஆளானதாகக் கணக்கிடப்பட்டது. சுரம் சில நாளில் போயிற்று. மூட்டு வலி பலருக்கு மாதக்கணக்கிலும், சிலருக்கு வருஷக்கணக்கிலும் நின்றது. கிழக்காப்பிரிக்காவில் 1952-53-இல் முதன்முதல் கண்டறியப்பட்ட இந்த நோயின் பெயருக்கே, ஆளை வளைத்துவிடுவது என்று அந்நாட்டார் மொழியில் பொருள். பகலில் கடிக்கும் ஒருவகைக் கொசுவே இதைப் பரப்புவது. அது ஆற்றிலும் குளத்திலும் பெருகுவதன்று. தேங்காய்ச் சிரட்டையிலும், உடைந்த பானையிலும், கொல்லையில் எறிந்த டயரிலும், மூடாத தொட்டியிலும் நிற்கும் மழைநீரில் பெருகுவது. இந்த வலியை மட்டும் மழைக்கு முன்பே கவிழ்த்துக் கொட்டிவிடலாம்.

எல்லா வலியையும் வானத்தின்மேல் போடுவதில் ஆபத்தும் உண்டு. 1937-இல் சென்னை மாகாணத்து நெல்லூர் ஜில்லாவில் முதுகும் மூட்டும் விறைத்து முடங்கியவர்களை ஷார்ட் முதலிய வைத்தியர்கள் சோதித்தபோது, காரணம் குடிநீரில் மிகுந்திருந்த புளோரைடு என்னும் உப்பு என்று தெரிந்தது. அவ்வூரார் காற்றை நொந்திருந்தால் கிணறு அகப்பட்டிராது.

இனிச் செய்யவேண்டுவன. வெப்பம் நல்லது. தவிட்டையோ உப்பையோ வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்கும் பாட்டி வைத்தியத்தை இன்றைய வைத்தியரும் மறுப்பதில்லை. நொச்சி இலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரும் அவ்வாறே. ஆனால் மூட்டு சிவந்து சுடுமாயின் அதன்மேல் சூடு வைக்கலாகாது. சர்க்கரை வியாதியால் கால் மரத்தவர் சூட்டின் அளவைப் பிறர் கையால் பார்க்கச் செய்யவேண்டும். முடக்கற்றான் கீரைத் தோசை உண்பதில் தோஷமில்லை. அதுவே போதும் என்றிருப்பதுதான் தோஷம். வெறுந்தரையில் படுக்கலாகாது, கட்டில் இல்லாதவர் வைக்கோலைப் பரப்பி அதன்மேல் பாயை விரிக்கலாம். அடைமழை நாளிலும் வீட்டுக்குள்ளேயே காலை மாலை நடக்கவேண்டும். உட்கார்ந்தபடியே காலை நீட்டி மடக்கவேண்டும். வலிக்கிறதே என்று அசையாதிருப்பவருக்கு வலி குறைவதில்லை, விறைப்பே மிகுகிறது. நடவு நாளில் ஒரு மணிக்கு ஒருமுறை வரப்பேறி இடுப்பை நிமிர்த்தி நிற்க ஆட்களை விடுவது சோம்பலை வளர்ப்பதாகாது. நிலத்துக்காரர்கள் இதைக் கூலியில் பிடித்துக்கொள்ளாதிருத்தல் வேண்டும். கட்டுப் போட விரும்புவோர் தூரம் போகவேண்டுவதில்லை. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் கட்டுத் துணி தேசம் முழுதும் போகிறது. அதை இறுக்காமல் சுற்றவேண்டும், இரவில் அவிழ்த்துவிடவேண்டும்.

செய்யத்தகாதது ஒன்று உண்டு. இரண்டே வேளையில் வலியைப் போக்கும் பெயரில்லாப் பொடியை வாங்குவதே அது. அத்தகைய பொடிகளில் ஸ்டிராய்டு மருந்தைக் கலந்து விற்பது பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது. அது வலியை மறைக்கும். முகம் ஊதும், எலும்பு தேயும், சர்க்கரை ஏறும். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும், வெறும் வயிற்றில் நாள்தோறும் உண்டால் குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். இவற்றுக்காகக் கைமாற்றாகப் பணம் வாங்குவது நோயையும் வட்டியையும் சேர்த்து வாங்குவதாகும்.

காலையில் எழுந்தபின் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்களும் மூட்டுகளும் விறைத்திருந்தாலும், மூட்டு வீங்கிச் சூடேறிச் சுரம் கண்டாலும், இடுப்பு வலியோடு கால் மரத்தாலும் பலம் குறைந்தாலும், மழை நிற்கட்டும் என்று காத்திராமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஸ்ரீவில்லிபுத்தூர் அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ போகவேண்டும். முதலிற் சொன்னது மூட்டையே அரிக்கும் வாதமாயிருக்கலாம். தொடக்கத்தில் மருந்து உண்டால் அடங்கும், தாமதித்தால் விரல் கோணிவிடும். நடக்க இயலாதவர்களுக்காக 2021-இல் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து உடற்பயிற்சிச் சிகிச்சை அளிப்பதும் சேர்க்கப்பட்டது.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு யோசனை. ஐப்பசி முதல் தேதி தொடங்கிக் கார்த்திகை முடிய ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கலாம். வலியுள்ள அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். நாளுக்கு ஒரு வரி. வரிக்கு நான்கு கட்டம்: மழை உண்டா இல்லையா, வலி அதிகமா குறைவா, அன்று செய்த வேலை என்ன, இரவில் உறக்கம் உண்டா. வலியில்லாத நாளையும் விடாமல் எழுதவேண்டும். அது விட்டுப்போனால் முன்சொன்ன பேரேட்டின் கதைதான். வீட்டுப் பெண்மக்களின் பக்கங்கள் முதலில் வரட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதிக் கொடுக்கலாம். மார்கழியில் அந்த நோட்டைப் பிரித்து, மழை பெய்த நாட்களையும், மழை விட்டு நடவு நடந்த நாட்களையும் தனித்தனியே எண்ணிப் பார்த்தால், கான்சாபுரத்து முழங்கால் வானத்தை நொந்துகொண்டதா வயலை நொந்துகொண்டதா என்பது தெரிந்துவிடும். நோட்டுப் புத்தகத்தின் விலையைச் சில்லறைச் செலவில் எழுதிக்கொள்ளலாம்.